அவ்ரோவின் பச்சை விளக்குகள்

தங்கப்பாண்டி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் விமானத்தில் ஏறியிருந்தார். அதுவும் ஐந்து வயதில். ராயபுரத்தில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவருடைய அப்பா வைத்த கயிற்றுக்கடை இன்னும் இருக்கிறது. நைலான் கயிறும் மிதவையும் வாங்க வருகிற விசைப்படகுக்காரர்களிடம், கொஞ்சம் ஓய்ந்த வேளையாக இருந்தால், அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். ரெண்டு பக்கமும் விசிறி வைத்த அவ்ரோ விமானம். மீனம்பாக்கத்தில் வெயிலில் நடந்துபோய் வால் பக்கத்துப் படியில் ஏறினார்கள். வெள்ளித் தட்டில் மிட்டாயும் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சும் நீட்டிய பணிப்பெண். ஒவ்வொரு ஜன்னலுக்கு அருகிலும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. நீலப் பட்டுடுத்திய அம்மா ஜன்னலில் சாய்ந்து, கீழே தெரிந்த கடலைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் வள்ளியூர். அம்மாவின் ஊர்.

அதற்குப் பிறகு பறக்க வாய்ப்பு வராமல் இல்லை. மகன் தலையெடுத்துக் கடையைக் கையில் வாங்கிக்கொண்டபின், அப்பாவை எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்று பலமுறை கேட்டான். தங்கப்பாண்டி சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்துவிடுவார். ஏறியாச்சு, பார்த்தாச்சு, அதைவிட நல்லதாக இனி ஒன்று கிடைக்கப்போகிறதா என்பது அவர் கேள்வி.

பறப்பதற்குப் பதிலாக அவர் விமானங்களைச் செய்தார். கடைக்கு மேல்மாடியில், தெருப்பக்கத்து அறையில், ஒரு மேசையும் கைவிளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, வண்ணம் பூசிச் செய்கிற குட்டி மாதிரி விமானங்கள். ஆனால் அவருக்கு வேண்டிய அவ்ரோ மட்டும் எந்தக் கடையிலும் கிடைத்தபாடில்லை. இழுவைக்கப்பலில் இன்ஜின் பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய நண்பர் லூயிசுக்கும் இதே பைத்தியம்தான். லூயிசின் மருமகன் வேலை பார்க்கிற கப்பல் இங்கிலாந்துக்குப் போனபோது, எங்கோ ஒரு பழைய பொம்மைக்கடையில் அது அகப்பட்டது. முழுக்கை நீளத்தில் பாதிகூட இருக்காது. பெட்டியைத் திறந்தால் வெறும் தோல்தான்: உடம்பு ரெண்டு பாதியாக, இறக்கைகள், வால். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சீட்டுகூட இல்லை.

லூயிஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். தங்கப்பாண்டிக்கோ அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. உள்ளே இருப்பதைத் தானே செய்துகொள்ளலாம் அல்லவா. தான் உட்கார்ந்து வந்த இடம் ஆயிற்றே.

மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி சீட்டு செய்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. களிம்புக் குழாயை விரித்து, அந்தத் தகரத்தாளை மயிரிழையாக நறுக்கி பெல்ட் வைத்தார். தலை சாய்க்கிற இடத்தில் போடும் வெள்ளைத் துணிக்கு டிஷ்யூ தாளில் ஒரு துளி பசை. ஜன்னல் திரைக்கும் அதே தாள்தான், காப்பி டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்தது. ஜன்னல் கண்ணாடிக்குத் தண்ணீர் பாட்டில். பெட்டியில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் நூல்போல வரும்; அதை நறுக்கிக் கைப்பிடிகள், பெட்டி வைக்கிற மேல்தட்டின் விளிம்புகள். பச்சை விளக்குக்குத்தான் கொஞ்ச நாள் யோசித்தார். கடைசியில் பதில் கீழே கடையிலேயே இருந்தது. பச்சைத் தூண்டில் நரம்பின் நுனியைத் தீயில் காட்டினால் அது சுருண்டு ஒரு மணியாகத் திரளும். அந்த மணியைப் பழைய மோட்டார் சுருளில் எடுத்த செப்புக் கம்பியின் உச்சியில் ஒட்டினார். ஜன்னலுக்கு ஒன்றாக அந்த விளக்குகள் வரிசையாக நின்றபோது, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கு வெளிச்சத்தில் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

ஆட்களையும் செய்தார். மாவுபோலப் பிசைந்தால் கல்லாக இறுகுகிற ஒட்டுமாவில், ஊசிமுனையால் கீறிக் கீறி, வேட்டி கட்டிய அப்பா, நீலச்சேலையில் அம்மா, இரட்டைச் சடையில் ராமசெல்வி அக்கா. அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் கால்சட்டை போட்ட ஒரு பையன். அது அவர்.

லூயிஸ் வந்து பார்த்தார். நெடுநேரம் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அந்தக் காலத்து அவ்ரோவின் உட்புறப் படங்கள் தன்னிடம் நிறைய இருக்கின்றன, எதிலும் ஜன்னலோரம் விளக்கு கிடையாது, தலைக்கு மேலேதான் விளக்கு. ஃபோனில் எடுத்தும் காட்டினார். தங்கப்பாண்டி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வேறு கம்பெனி விமானமாக இருக்கும் என்றார். இது நம்மூர் விமானம்தான் என்றார் லூயிஸ். பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. முடிவில் தங்கப்பாண்டி, சாட்சிக்கு ஆள் இருக்கிறது, அக்காவைக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்றார்.

ராமசெல்விக்குக் காலடிப்பேட்டையில் வீடு. முழங்கால் வலியென்று வெளியே அதிகம் கிளம்புவதில்லை. ஆனாலும் தம்பி கூப்பிட்டதும் மெட்ரோவில் ஏறி, வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கியதும் தங்கப்பாண்டி அவரைப் பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, விமானத்தின் பாதி உடம்பை மெல்லத் திருப்பிக் காட்டினார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் சிரித்தார், தன் சடையைக் கண்டு. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தங்கப்பாண்டி விளக்கு விஷயத்தைச் சொல்லி, லூயிஸ் நம்ப மாட்டேன் என்கிறார், நீயே சொல்லு என்றார்.

"ஏல பாண்டி, அந்த விளக்கு நான் சொன்னதுல்லா."

"நீ என்ன சொல்ல? நான்தான் கண்ணால பார்த்தேன்லா."

ராமசெல்வி பூதக்கண்ணாடியைத் தள்ளிவைத்தார். "நீ பாக்கல. நீ அந்த ஏரோப்ளேன்ல வரவே இல்ல."

தங்கப்பாண்டி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

வள்ளியூரிலிருந்து தந்தி வந்த அன்று தம்பிக்கு உடம்பெல்லாம் அம்மை வார்த்திருந்ததாம். தாத்தாவுக்கு முடியவில்லை, உடனே வரவும் என்று தந்தி. ரயிலில் போனால் முகம் பார்க்கக் கிடைக்காது என்றுதான் அப்பா விமானத்துக்கு ஏற்பாடு செய்தார். அப்போது வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்த காலம். தம்பியைப் பின்கட்டில் குடியிருந்த குப்பம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேர் மட்டும் போனார்கள். திரும்பி வந்தபின், புண்ணெல்லாம் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்த தம்பி விமானத்தைப் பற்றிக் கேட்டுக்கேட்டு நச்சரித்தான். அக்கா தினமும் சாயங்காலம் அவனுக்குச் சொன்னார். சொல்வதற்குச் சரக்கு தீர்ந்துபோனதும் கையிலிருந்து சேர்த்துச் சொன்னார். பச்சை விளக்கு, அப்பாவோடு ஒருமுறை போன பாங்கியில் மானேஜர் மேசைமேல் பார்த்தது. தம்பி முகம் வாடுகிறதே என்று, அப்போ நீ அம்மா பக்கத்துல உட்காந்திருந்தே, அப்போ நீ மிட்டாய் ரெண்டா எடுத்துக்கிட்டே என்று அவனையும் கதைக்குள் ஏற்றிவிட்டார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் அவனே அதை எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தபோது, இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தங்கப்பாண்டி பூதக்கண்ணாடியின் விளக்கை அணைத்தார். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தவர், மேசையைத் துண்டால் மூடினார்.

அதன்பின் அந்த அறைப்பக்கம் அவர் போகவில்லை. கடையில் மகனுக்குத் துணையாகக் கீழேயே உட்கார்ந்தார். ஒருநாள் வழக்கமாக வருகிற படகுக்காரர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த கூட்டாளியைக் காட்டி, நைனா பிளேன்ல போன கதைய இவனுக்கும் எடுத்து வுடு என்றார். தங்கப்பாண்டி வாயைத் திறந்தார். மீனம்பாக்கம் வெயில் வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. அது எதுக்கு இப்போ, கயிறு எந்தக் கனம் வேணும் சொல்லு என்று எழுந்துவிட்டார்.

தான் ஏமாற்றப்பட்டதாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, தம்பிக்குக் கதை சொன்னாள். அவள்மேல் என்ன கோபப்படுவது? அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அதைவிட வேறொன்று அவரை அரித்தது. சொந்த வீட்டில் இத்தனை காலம் குடியிருந்தவனிடம் யாரோ வந்து, இது உன் வீடே இல்லை, எழுந்து போ என்று சொன்னதுபோல. அம்மாவின் நீலப் பட்டு, கடல், அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிற மாதிரி. அம்மா சிரித்த ஞாபகம் அவரிடம் அதிகம் கிடையாது. இருந்தவற்றில் பெரியது அதுதான்.

கடைசியில் அதைக் கேட்கத்தான் காலடிப்பேட்டைக்குப் போனார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டியும் ஒரு பிடி அள்ளி உரித்தபடியே, அம்மா கடலைக் காட்டிச் சிரித்ததும் நீ சேர்த்ததுதானா என்று கேட்டார்.

அக்கா ஆமாம் என்றார். அம்மா வழி முழுக்க அழுதுகொண்டுதான் வந்தாளாம். ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தாளாம்; அப்பா அத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பாராமல் அவள் தலைமேல் கையை வைத்தபடியே வந்தாராம். போய்ச் சேர்வதற்குள் தாத்தா போய்விட்டார். அங்கே சொந்தக்காரர்கள், அம்மை போட்ட பிள்ளையை விட்டுவிட்டுச் சாவு வீட்டுக்கு வந்து நிற்கிறாளே, ஆத்தா சும்மா விடுவாளா என்று காதுபடவே பேசினார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால்தான் என்று அம்மா திரும்புகிற வழியெல்லாம் நடுங்கினாள்.

"அம்மதான் எங்கிட்ட சொன்னா பாண்டி. அவன் வந்ததாவே நெனச்சுக்கிடட்டும், விட்டுட்டுப் போனேன்னு அவனுக்குத் தெரியவே வேண்டாம்னு."

தங்கப்பாண்டியின் கை நின்றது. அவர் இந்தக் கதையை வீட்டில் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தன்னைப் பற்றிப் பேசுகிறானே என்ற கூச்சம் என்று அவர் நினைத்திருந்தார்.

அப்படியென்றால் அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். அது அக்காவுக்கும் தெரியாது. குப்பம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவர் காத்திவாக்கத்தில் மகன் நீலமேகத்தோடு இருக்கிறார், போன பொங்கலுக்குக்கூட ஆள் நன்றாகத்தான் இருந்தார் என்றார் அக்கா. இருவரும் அந்த வாரத்திலேயே கிளம்பிவிட்டார்கள்.

நீலமேகம் இறால் பிடிக்கக் கழிமுகத்துக்குப் போயிருந்தார். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற வாசலில், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு குப்பம்மா வலைக்குக் கண்ணி கட்டிக்கொண்டிருந்தார். எண்பதைத் தொட்ட வயது. ராமசெல்வியை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். தங்கப்பாண்டியைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"கயித்துக்கட நைனா மவனா நீ? இன்னாமா தல நரைச்சுப் போய் கீற. குந்து."

உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொன்னார். அம்மா விட்டுவிட்டுப் போனபோது நான் ரொம்ப அழுதேனா என்று கேட்டார். குப்பம்மா வலையை மடியில் வைத்துவிட்டு யோசித்தார்.

"நீ எங்க அழுத? ஜாலியா கீந்த. உங்கம்மாவ ஒரு வாட்டிகூடக் கேக்கல. ஐஸ் ஃப்ரூட்டு வேணும்னுதான் அழுவ. அம்ம போட்ட புள்ளைக்கு ஐஸ் ஃப்ரூட்டு குடுப்பாங்களா? நுங்கு வாங்கியாந்து குடுத்தேன். மேல பிளேன் சத்தம் கேட்டா மொட்டமாடிக்கு இஸ்துகினு போவ. அதுல உங்கம்மா போவுதுன்னு சொல்லுவேன், டாட்டா காட்டிட்டு வந்து படுத்துக்குவ."

ராமசெல்வி சிரித்துவிட்டார். குப்பம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் பயமில்லை என்றும், அப்போது தனக்குப் பிள்ளை பிறந்திருக்கவில்லை, அதனால் இவனை வைத்துக்கொண்டிருக்க ஆசையாகவே இருந்தது என்றும் சொன்னார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். பிறகு, கேட்காமலே, அவர்கள் ஊரிலிருந்து திரும்பி வந்த நாளைச் சொன்னார்.

"வண்டிய வுட்டு எறங்கி நேரா உன்னாண்ட ஓடியாந்துச்சு உங்கம்மா. வாசப்படியிலியே நின்னுடுச்சு. சாவு வூட்டுத் தீட்டு, அம்ம போட்ட புள்ளையத் தொடக்கூடாது இல்ல? அங்கியே நின்னுகினு உன்னப் பாத்துகினே கீது. நீ அம்மாம்மான்ற. கெணத்தாண்ட போயி அப்பிடியே பட்டுச்சேலையோட தலையில தண்ணிய ஊத்திகினு, ஈரத்தோட வந்து உன்னத் தூக்கிச்சு. ரொம்ப நேரம் வுடல. நான்தான் புள்ளைக்குக் குளிரப்போவுதுன்னு புடுங்கிகினேன்."

தங்கப்பாண்டி குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈரச்சேலை தன் ஞாபகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. வேப்பிலை வாடை மட்டும் வந்தது. அதுகூடத் தலைக்கு மேலிருந்த மரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் நெஞ்சுக்குள் இத்தனை நாளாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. குப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குப்பம்மா இன்னொரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, உள்ளே யாரிடமோ டீ போடச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது அப்பா என்றால், நடைபாதைக்கு அந்தப் பக்கம் நான் அப்பாவை வைத்த சீட்டில் உண்மையில் யார் இருந்தது?

அக்கா யோசிக்கவே இல்லை. "ஒரு பாதிரியார். வெள்ளை அங்கி. ஜெபமாலைய உருட்டிக்கிட்டே வந்தாரு. ப்ளேன் குலுங்கும்போதெல்லாம் வேகவேகமா உருட்டுவாரு."

மேசைமேல் மூடிய துண்டை அவர் மறுநாள் எடுத்தார். கால்சட்டைப் பையனைச் சாமணத்தால் பிடித்து ஆட்டி, சீட்டுக்குச் சேதமில்லாமல் பெயர்த்து எடுத்தார். அவனைத் தூக்கி எறியவில்லை. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நிற்கவைத்தார். சிரிக்கிற அம்மாவையும், தனியே இருந்த அப்பாவையும் எடுத்தார். அப்பாவும் அம்மாவும் புதிதாக, ஒன்றாக, ஒரே உருவாகச் செய்யப்பட்டார்கள். அந்த அளவில் அழுகையைக் காட்ட வழியில்லை. தோளில் சாய்ந்த தலையின் கோணமும், அதன்மேல் இருந்த கையும்தான் காட்ட முடிந்தது. அந்தக் கையை மட்டும் பலமுறை செய்து கலைத்தார். கனமாகவும் இருக்கக்கூடாது, சும்மா வைத்த மாதிரியும் இருக்கக்கூடாது. பாதிரியாரின் விரலில் ஒரு செப்பு மயிரிழையைச் சுற்றி ஜெபமாலை ஆக்கினார்.

லூயிஸ் வந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னார். லூயிஸ் பாதிரியாரைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பச்சை விளக்குகளைச் சுட்டி, அப்போ இதையும் எடுத்துடலாமே என்றார். தங்கப்பாண்டி எடுக்க மாட்டேன் என்றார். இல்லாத விளக்கு என்று இப்போதுதான் தெரிந்துவிட்டதே என்று லூயிசுக்கு ஆதங்கம். அக்கா வைத்த விளக்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் தங்கப்பாண்டி. லூயிஸ் முனகிக்கொண்டே விட்டுவிட்டார்.

உடம்பின் ரெண்டு பாதிகளையும் ஒட்டுகிற நாளில் அக்காவை வரச்சொன்னார். ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது, ஜன்னல் வழியே நிழலாகத்தான் தெரியும். ராமசெல்வி கடைசியாக ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்த்தார். அப்பா கை இப்படித்தான் இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தங்கப்பாண்டி விளிம்பெல்லாம் பசை தடவி ரெண்டு பாதியையும் சேர்த்தார். மூக்குப் பக்கத்தை அவர் அழுத்திப் பிடிக்க, வால் பக்கத்தை அக்கா பிடித்துக்கொண்டார். பசை இறுகும்வரை விடக்கூடாது.

சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பேசலாமே என்று, நிஜமாகவே அந்த விமானத்தில் எப்படி இருந்தது, முதலிலிருந்து சொல்லு என்றார் தம்பி. அக்கா சொன்னார். சத்தம் தாங்க முடியவில்லை. காதில் வைத்த பஞ்சு போதவில்லை. மிட்டாய் புளித்தது. கடலெல்லாம் தெரியவே இல்லை, மேகம்தான். இறங்குகிற நேரத்தில் அக்காவுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் துண்டில் முழுக்க வாந்தி எடுத்துவிட்டார். அப்பா அந்தத் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேதான் திருவனந்தபுரத்தில் படியிறங்கினார்.

"வாந்தியா? இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"அஞ்சு வயசுப் பயகிட்ட அதச் சொல்லி மானத்த வாங்கிக்கவா?"

தங்கப்பாண்டிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியதில் விமானமும் சேர்ந்து குலுங்கியது.

"ஆடாமப் பிடில," என்று அதட்டினார் அக்கா.